எண் பலகை இல்லாத வாகனத்திற்கு யார் ஈடு தருவார்?

 

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வேளையில் என் அண்ணன் மகன் கைப்பேசியில் அழைத்தான். "சாச்சா, சைக்கிளைக் காணோம்" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மாடிப்படியின் கீழே, அறுத்தெறியப்பட்ட பூட்டுச் சங்கிலி மட்டும் கிடந்தது. வாரந்தோறும் அந்த நேரத்தில்தான் அவன் சேலத்திலிருந்து புறப்பட்டு, ஏற்காடு அடிவாரம் சென்று, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவான்.

அந்த மிதிவண்டியின் விலை ஒரு இலட்சத்து அறுபத்தைந்தாயிரம் ரூபாய். என் அத்தா தம் வாழ்நாளில் ஓட்டிய மூன்று மிதிவண்டிகளின் விலையையும் கூட்டினாலும் அதன் பின்சக்கரத்தைக்கூட வாங்க முடியாது. வட்டித் தவணையில் வாங்க மனம் ஒப்பாமல் மூன்றாண்டுகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருந்தான். எங்கள் குடும்பத்தில் நீரிழிவு மூன்று தலைமுறையாகத் தொடர்கிறது. அந்த வண்டி வந்த பிறகு அவனுடைய இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்பது மருத்துவர் சொன்னது. அவனுடைய கோபம் குறைந்தது என்பது அவன் மனைவி சொன்னது.

செய்தி பரவியதும் மஹல்லாவின் பெரியவர்கள் சிலர் ஆறுதலுக்குப் பதிலாகக் கேள்வியோடு வந்தார்கள். "அந்தக் காசுக்கு ஸ்கூட்டரே ஒன்றுக்கு இரண்டு வாங்கியிருக்கலாமே? இது வீண்விரயம் இல்லையா?" என்றார் ஒருவர். வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பெரியவரின் வீட்டுத் திருமணத்தில் மேடை அலங்காரத்திற்கு மட்டும் எவ்வளவு செலவாயிற்று என்பது எங்கள் தெரு முழுவதும் அறிந்த செய்தி. பத்தாண்டுகள் உடலுக்குப் பயன்படக்கூடிய பொருளை விரயம் என்று நான் சொல்லமாட்டேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம். அது இங்கே பேசுபொருளன்று. ஒரு மனிதன் ஹலாலாகச் சம்பாதித்து வாங்கிய பொருள் களவு போனால், அதற்குக் காப்பீடும் இருந்தால், அவனுக்கு ஏன் ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி.

ஆம், காப்பீடு இருந்தது. வீட்டுப் பொருட்களுக்கான பாலிசி ஒன்றை அவன் எடுத்திருந்தான். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும் கதை பெரிதும் மாறியிருக்காது. இணையத்தில் இழப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தவனுக்கு முதல் கட்டத்திலேயே தடை: 'வாகனப் பதிவு எண்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் செல்ல முடியவில்லை. மிதிவண்டிக்கு ஏது பதிவு எண்? அலுவலகத்திற்கு நேரில் சென்றான். இரு வாரம் கழித்து வந்த பதிலில் மூன்று காரணங்கள் இருந்தன. மாடிப்படியின் கீழ்ப்பகுதி நான்கு குடித்தனங்களுக்கும் பொதுவானது, ஆகவே அது 'காப்பீடு செய்யப்பட்ட வளாகம்' ஆகாது. வீட்டின் கதவோ பூட்டோ உடைக்கப்படவில்லை. சங்கிலியை அறுத்தது வன்முறையாக உள்ளே நுழைந்ததாகக் கருதப்படமாட்டாது. வண்டிக்குப் பெங்களூருக் கடையின் ரசீது உண்டு. ஆனால் பிறகு நண்பரிடமிருந்து வாங்கி மாட்டிய சக்கரங்களுக்கு ரசீது இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் பாலிசியைக் காட்டியபோது, இரண்டாவது காரணம் அந்நிறுவனம் கற்பனையாகக் கண்டுபிடித்தது அல்ல என்று தெரிந்தது. கன்னக்களவுப் பாலிசியில் 'பலவந்தமாக நுழைந்து' என்ற சொற்கள் இருந்தால், பலவந்தம் இல்லாத வெறும் திருட்டுக்கு ஈடு கிடையாது என்று 2004-இல் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. பாலிசி ஓர் ஒப்பந்தம். அதில் எழுதியுள்ளபடிதான் அதைப் படிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். வீட்டுக்குள், படுக்கையறையில், கட்டிலுக்கு அருகில் மிதிவண்டியை நிறுத்தியிருந்து, திருடன் கதவை உடைத்து வந்திருந்தால் பணம் கிடைத்திருக்கும். மிதிவண்டியை அப்படி யார் வைத்துக்கொள்வார்கள்? (பெங்களூரில் சிலர் அப்படித்தான் வைக்கிறார்களாம். அதற்கும் மனைவியின் அனுமதி வேண்டும்.)

இன்று வீட்டுக் காப்பீடு என்று முகவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பாலிசி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி 2021 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் ஒரே அமைப்பில் விற்கப்படுவது. தீ, வெள்ளம், புயல் போன்றவற்றிற்கு நல்ல பாலிசிதான். கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் இருபது விழுக்காடு, அதிகபட்சம் பத்து இலட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. ஆனால் திருட்டு என்று வரும்போது, அத்தகைய பேரிடர் ஒன்று நேர்ந்த ஏழு நாட்களுக்குள் நடந்த திருட்டை மட்டுமே அது ஏற்கும். சாதாரண நாளில் நடக்கும் களவுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களின் பழைய 'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' பாலிசியில் மிதிவண்டிக்கென்றே ஒரு பிரிவு இருந்து வந்திருக்கிறது. அதைப் பற்றி எங்கள் ஊரில் எந்த முகவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அந்தப் பிரிவிலும் பந்தயத்தில் ஓட்டும்போதும் வாடகைக்கு விட்டபோதும் நேர்ந்தது செல்லாது. வண்டி போகாமல் உதிரிப் பாகம் மட்டும் களவு போனால் அதுவும் செல்லாது. இலட்ச ரூபாய் வண்டியில் திருடன் முதலில் கைவைப்பதே கழற்றக்கூடிய பாகங்களில்தான்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்த காலத்தில் நாமக்கல்லில் லாரித் தொழில் செய்யும் என் பழைய வகுப்புத் தோழரைச் சந்திக்க நேர்ந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: காப்பீட்டைப் பற்றி எங்கள் பகுதி மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லாரி கட்டுவதும் ஓட்டுவதும் இவ்வூர்களின் உயிர்மூச்சு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுவதும் செல்கின்றன. டீக்கடை பெஞ்சில் அமர்ந்து மூன்றாம் நபர் பிரீமியம் பற்றி விவாதிக்கும் மக்கள் இவர்கள். 2018 ஜூலையில் நடந்த நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அந்தப் பிரீமியத்தைக் குறைப்பதும் ஒன்று. தோழரின் லாரி ஒன்று வெளிமாநிலத்தில் கவிழ்ந்தபோது, மறுநாளே சர்வேயர் சென்று படம் எடுத்து மதிப்பிட்டுவிட்டாராம். என் அண்ணன் மகனின் கதையைக் கேட்டு அவர் சிரித்தார். "பத்துச் சக்கரம் இருந்தா ஆள் வருவான். ரெண்டு சக்கரத்துக்கு, அதுவும் மிதிக்கிற வண்டிக்கு, எவன் வருவான்?"

வேடிக்கையாகச் சொன்னாலும் உண்மை அதில் இருக்கிறது. மோட்டார் வாகனத்திற்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதிவு எண்ணைக் கட்டாயமாக்கியது. அதே சட்டத்தின் 146-ஆவது பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. சேசிஸ் எண், எஞ்சின் எண், உரிமையாளர் பெயர் அனைத்தும் அரசுப் பதிவேட்டில் உள்ளன. வண்டியின் மதிப்பைத் தீர்மானிப்பதற்கும் வரையறுத்த அட்டவணை உண்டு: ஆறு மாதம் வரை ஐந்து விழுக்காடு தேய்மானம், ஓராண்டு வரை பதினைந்து, இரண்டாண்டு வரை இருபது என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் ஐம்பது. வாங்கும்போதே இருவருக்கும் தெரியும், போனால் எவ்வளவு கிடைக்கும் என்று. மிதிவண்டிக்கு இவற்றுள் எதுவுமில்லை. சட்டகத்தின் அடியில், மிதிகட்டை அச்சு பொருந்தும் இடத்தில், ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலோர் அறியாத செய்தி. அந்த எண் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே, இது உன்னுடைய வண்டிதான் என்பதற்கு என்ன சான்று, அது இவ்வளவு பெறும் என்பதற்கு என்ன சான்று என்ற இரு கேள்விகளுக்கும் விடை வண்டிக்காரனின் மேசை இழுப்பறையில் உள்ள ஒரே ஒரு ரசீதுதான்.

ஒரு காலத்தில் மிதிவண்டிக்கும் அடையாளம் இருந்தது. ஆண்டுதோறும் நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ வரி கட்டி, தகர வில்லை ஒன்றைப் பெற்று வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம். எங்கள் அத்தா அந்த வில்லைகளை ஆணியில் கோத்து வைத்திருந்தார். சிறு வயதில் அவற்றைச் சில்லறைக் காசாகக் கொண்டு கடை வைத்து விளையாடியிருக்கிறோம். ஏழைகளின் வாகனத்திற்கு வரி கூடாது என்று அது கைவிடப்பட்டது நியாயமானதே. ஆனால் வரி போனபோது பதிவேடும் சேர்ந்து போயிற்று. பிரான்சில் 2021 ஜனவரி முதல் கடையில் விற்கும் ஒவ்வொரு புதிய மிதிவண்டிக்கும் அடையாளக் குறி இட்டாக வேண்டும். ஜப்பானில் மிதிவண்டிக்குத் திருட்டுத் தடுப்புப் பதிவு உண்டு. அதற்கும் மேலாக 2015-இல் ஹியோகோ மாகாணம், பிறர்மீது மோதினால் ஈடு செய்வதற்கான காப்பீட்டைக் கட்டாயமாக்க, 2020-இல் டோக்கியோவும் பின்பற்றியது. நெதர்லாந்தில் திருட்டுக்கு ஈடு கேட்பவர் பூட்டின் இரு சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும். ஒன்று இல்லையென்றால் பூட்டாமல் போயிருக்கிறாய் என்று பொருள். கடுமையான விதிதான். ஆயினும் வாங்கும்போதே தெரிந்துவிடுகிறது.

நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நீதியாகாது. கணக்கிற்காக வைத்துக்கொள்வோம்: சராசரி ஓர் இலட்சம் மதிப்புள்ள நூறு மிதிவண்டிகள், ஆண்டில் மூன்று களவு போகின்றன. மூன்று இலட்சம் ஈடு தர, வண்டிக்கு மூவாயிரம் வசூலிக்க வேண்டும். முகவருக்குக் கழிவு, சர்வேயருக்குக் கூலி, அலுவலகச் செலவு எல்லாம் இதற்கு மேல். அந்தத் தொகையைக் கேட்டதும் வீட்டுக்குள் வண்டியை வைப்பவன் வேண்டாம் என்று விலகிவிடுவான். தெருவில் வைப்பவன் மட்டும் சேர்வான். மூன்று களவு ஆறாகும். பிரீமியம் இரட்டிப்பாகும். இன்னும் சிலர் விலகுவார்கள். இது தவிர, உயர்விலை வண்டிகளின் சட்டகம் கார்பன் இழையால் ஆனது. கீழே விழுந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். லாரியின் வளைந்த பம்பரைப் பார்த்துப் பழகிய சர்வேயர் அதை எப்படி மதிப்பிடுவார்? சில மிதிவண்டி நிறுவனங்களோடு கைகோத்து, புதிய வண்டியோடு சேர்த்தே பாலிசி விற்கும் முயற்சிகள் நம் நாட்டில் வந்திருக்கின்றன. வாங்கிய நாளில் மட்டும் எடுக்கலாம், ஓராண்டு முடிந்ததும் புதுப்பிக்க வழி தேட வேண்டும் என்பதே அவற்றை எடுத்த இருவர் என்னிடம் சொன்ன குறை.

காவல் நிலையத்தில் நடந்ததையும் எழுத வேண்டும். முதலில் கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே. நிறுவனமோ முதல் தகவல் அறிக்கையையும், பின்னர் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்றையும் கேட்டது. வண்டியின் விலையைச் சொன்னபோது நம்பாத பார்வை ஒன்று எதிரே இருந்ததாக அண்ணன் மகன் சொன்னான். ரசீதைக் காட்டிய பின்தான் எஃப்.ஐ.ஆர். பதிவாயிற்று. இதில் விலைக்கு ஒரு சட்ட முக்கியத்துவமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களின்படி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு, காவல்துறை தானாகவே வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய குற்றமன்று. நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். விலை உயர்ந்த வண்டிக்கு இது இடையூறில்லை. ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு மிதிவண்டியில் போய்வரும் தொழிலாளியின் பழைய வண்டி எவ்வளவு பெறும்? மூவாயிரம் பெறுமா?

அந்த இடத்தில்தான் என் எண்ணம் திரும்பியது. எங்கள் பள்ளிவாசல் தெருவில் மிதிவண்டியில் கேன் கட்டித் தேநீர் விற்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அஸருக்குப் பிறகு கடைவீதி முழுதும் அவருடைய மணியோசை கேட்கும். அண்ணன் மகனின் வண்டி போன இரண்டு மாதத்தில் அவருடைய வண்டியும் போயிற்று, கேனோடு. வாங்கியபோது ஆறாயிரம் கொடுத்த வண்டி. அண்ணன் மகனுக்கு வண்டி போனதால் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அவருக்கு அன்றாட அடுப்பே போயிற்று. மாதம் ஏழெட்டாயிரம் மிஞ்சும் ஒருவருக்கு ஆறாயிரம் ரூபாய் வண்டி, சொகுசு வண்டியைவிட விலை உயர்ந்தது. அவருக்குக் காப்பீடு என்ற சொல்லே அறிமுகமில்லை. ஆனால் ஆறாவது நாள் ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து புதிய வண்டியும் கேனும் வாங்கிக் கொடுக்கப்பட்டன. விண்ணப்பம் இல்லை, சர்வேயர் இல்லை. முத்தவல்லி அவருடைய முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். இதைக் கேட்ட என் அண்ணன் மகன், "அவருக்கு ஆறு நாள், எனக்கு ஆறு மாதம் ஆகியும் ஒன்றுமில்லை, சாச்சா" என்றான். அதில் பொறாமை இல்லை, வியப்புதான் இருந்தது.

அதற்காகப் பைத்துல்மால் அவனுடைய வண்டிக்கும் பணம் தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸகாத்தும் ஸதகாவும் யாருக்குரியவை என்பது வரையறுக்கப்பட்டது. ஒன்றரை இலட்சம் வண்டி வைத்திருந்தவன் அவ்வரிசையில் நிற்க முடியாது. ஆனால் வசதியுள்ளவர்கள் தமக்குள் ஒருவர் இழப்பை மற்றவர் பகிர்ந்துகொள்வதற்கு நம் மரபில் இடமில்லையா? உணவு குறைந்தபோது அஷ்அரீ குலத்தார் தங்களிடம் இருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதை நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரியில் உள்ளது. தவறுதலாக உயிரிழப்பை ஏற்படுத்தியவருக்காக அவருடைய குலத்தாரே ஈட்டுத் தொகையைப் பகிர்ந்து செலுத்தும் 'ஆகிலா' முறையும் நாம் அறிந்ததே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற நபிமொழியை இங்கே எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அண்ணன் மகன் கட்டித்தான் வைத்திருந்தான். கட்டிய பிறகும் களவு போனால் என்ன செய்வது என்பதுதானே பிரச்சினை.

வணிகக் காப்பீடு குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்கால விவாதம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ரஹ்) கடல் வணிகக் காப்பீட்டைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே அது தொடர்கிறது. நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மை மிகுதி என்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1985 டிசம்பரில் முடிவு செய்தது. முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற அறிஞர்கள் வணிகக் காப்பீட்டையே ஆகுமானது என்றார்கள். சூடானில் 1979-இலும், 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து மலேசியாவிலும், 1999 முதல் நம் அண்டை நாடான இலங்கையிலும் தகாஃபுல் நிறுவனங்கள் இயங்குகின்றன. இந்தியாவில் அவ்வழி இன்னும் திறக்கவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தும் வாகனக் காப்பீட்டில் நமக்குத் தேர்வு இல்லை. மிதிவண்டிக் காப்பீடு முழுக்க முழுக்க நம் விருப்பத்திற்குட்பட்டது. ஆகவே அதில் நுழையுமுன் நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. நான் ஃபத்வா சொல்லும் தகுதியுடையவன் அல்லன்.

எடுப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். பாலிசி வாங்குமுன், வண்டி எங்கே நிற்கும் என்பதைச் சொல்லி, அந்த இடத்திலிருந்து திருடு போனால் ஈடு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். முகவரின் வாய்ச்சொல் கிளெய்ம் நாளில் காற்றோடு போய்விடும். சட்டக எண் தெரியும்படி படமெடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள். மாற்றிய ஒவ்வொரு பாகத்திற்கும் ரசீது கேளுங்கள். களவு போனால் அன்றே காவல் நிலையம் செல்லுங்கள். காவல்துறைக்கு உடனே சொல்லி, நிறுவனத்திற்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காரணமாக்கி மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அது மோட்டார் வாகன வழக்கு, ஆனாலும் வாதத்திற்கு உதவும். மறுப்பு வந்தால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டிற்குள் கட்டணமின்றி முறையிடலாம்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் சமவெளியின் நெடுஞ்சாலைகளில் திருடனைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வரும் வாகனம். லாரியோ காரோ மோதி உங்கள் மிதிவண்டி நொறுங்கினால் உங்களிடம் பாலிசி இல்லாவிட்டாலும் மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு உடலுக்கும் பொருளுக்கும் பொறுப்பு. வழக்கமான லாரிப் பாலிசியில் பொருட்சேதத்திற்கு ஏழரை இலட்சம் வரை இடமுண்டு. ஆறு மாதத்திற்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். மோதியவர் தப்பியோடிவிட்டால், 2022-ஆம் ஆண்டுத் திட்டப்படி மரணத்திற்கு இரண்டு இலட்சமும் கொடுங்காயத்திற்கு ஐம்பதாயிரமும் மட்டுமே. அப்போது வண்டியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். நிமிடத்திற்கு நூறு முறை மிதிவண்டியின் விலையைச் சொல்லும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் தலைக்கவசம், பிறகு விபத்துப் பாதுகாப்பு. வங்கிக் கணக்கின் வழியே ஆண்டுக்கு இருபது ரூபாயில் இரண்டு இலட்சம் விபத்துக் காப்பீடு தரும் அரசுத் திட்டம் இருப்பது தேநீர் விற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மின்சார மிதிவண்டி வாங்குவோரும் கவனியுங்கள். 250 வாட்டிற்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டவை பதிவு தேவையில்லாதவை என்று விற்கப்படுகின்றன. பதிவு இல்லையென்றால் மேலே சொன்ன அத்தனை தொல்லைகளும் உண்டு.

அண்ணன் மகனின் கிளெய்ம் முடிவில் தள்ளுபடியாயிற்று. ஆம்புட்ஸ்மேன் வரை செல்ல அவனுக்கு மனமில்லை. பாலிசியின் சொற்கள் அப்படி இருக்கும்போது பயன் இராது என்று வழக்கறிஞர் நண்பரும் சொல்லிவிட்டார். இப்போது பழைய வண்டி ஒன்றை நாற்பதாயிரத்திற்கு வாங்கி ஓட்டுகிறான். அவனோடு மலையேறும் பதினொருவர் சேர்ந்து, மாதம் முந்நூறு ரூபாய் வீதம் ஒரு பொது நிதியில் போடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் நால்வர் நம் சமுதாயத்தவர் அல்லர். கொடுப்பது நன்கொடை, திரும்பக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை, இவ்வளவு தருவோம் என்ற வாக்குறுதியும் இல்லை. தொகை வாங்கி ஈடு வாக்களித்தால் அது காப்பீட்டு வணிகமாகிவிடும், பதிவுபெற்ற நிறுவனம் அல்லாதவர்கள் அதைச் செய்ய 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் இடம் தராது என்று வழக்கறிஞர் எச்சரித்ததால் இப்படி வைத்துக்கொண்டார்கள். ஆண்டில் சேர்வது 39,600 ரூபாய். ஒரு நல்ல வண்டி போனால் கால் பங்குகூடத் தேறாது. அதுவும் அவர்களுக்குத் தெரியும். வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் தேநீர் விற்பவரைப் போன்றவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவர் சொல்ல, எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டார்களாம்.

சென்ற மாதம் அவர்கள் கொல்லிமலை ஏறினார்கள். எழுபது வளைவுகளில் இறங்கும்போது ஒருவருடைய சக்கர விளிம்பு பள்ளத்தில் அடித்து உடைந்தது. நிதியிலிருந்து கொடுப்பதா, வேண்டாமா? வேகமாக இறங்கியது அவன் தவறு என்றனர் சிலர். பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றனர் மற்றவர். மஃக்ரிபு வரை வாதம் நீண்டது. கடைசியில் பாதிச் செலவைக் கொடுப்பது என்று முடிவாகி, நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிக்கொண்டார்கள். அவன் வாங்கிய புதிய விளிம்பின் ரசீதையும் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள்.